மூன்றாம் முடிச்சுக்கு ஒரு தட்டு

1

பெயரைச் சொன்னால் போதும், பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்று பிரிந்து நின்று நீங்கள் மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். தமிழ்நாட்டில் கட்சிக்கு அடுத்தபடியாக ஆட்கள் அடித்துக்கொள்வது இசையமைப்பாளர்களுக்காகத்தான். அதனால் அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இசையமைப்பாளர் என்றே எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்தவரை அந்த இடத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் மறைந்து ஒரு வருடம் ஆன அன்று, ஸ்வீடனின் வடக்கே நாங்கள் இருக்கும் உமியோவில் கணுக்கால் அளவுக்குப் பனி கிடந்தது. ஏப்ரல் மாதம். எங்கள் ஊர்ப் பக்கம், மன்னார்குடியில், அந்த நேரத்துக்கு ரோட்டில் தார் இளகியிருக்கும். என் வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக வேலைக்காகப் பதினேழு வருடத்துக்கு முன்னால் என்னை இங்கே கூட்டிவந்தவர். நான் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வருடத்தில் ஏழு மாதம் என் முக்கியமான உத்தியோகம், இருபது குழந்தைகளுக்குப் பனிக்கால்சட்டை மாட்டுவதும் கழற்றுவதும்தான்.

எங்கள் காரில் இசையமைப்பாளரைத் தவிர வேறு யாருக்கும் இடம் கிடையாது. ஆனால் ஒரு பாட்டு மட்டும் வந்தால் என் விரல் தானாகப் போய் அடுத்ததை அழுத்திவிடும். "அவரோட பெஸ்ட் இதுதான், உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று வீட்டுக்காரர் வருடக்கணக்காகக் கேட்கிறார். எனக்கே சரியாகத் தெரியாது. நான் நாலாவது படிக்கும்போது வந்த பாட்டு அது. ரேடியோவில் வந்தால் அப்பா சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். அம்மா ரேடியோவை அணைப்பாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அப்பா எழுந்து போன பாட்டை நான் உட்கார்ந்து கேட்பதாவது என்று நானும் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மகள் யாழினி சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயது. நகராட்சி இசைப்பள்ளியின் மாணவர் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிக்கிறாள்.

"அம்மா, அக்டோபர்ல கச்சேரி. எல்லாரும் வீட்டுலேர்ந்து ஒரு பாட்டு கொண்டு வரணும்னாங்க. நான் அப்பா பாட்டு ஒண்ணு குடுத்துட்டேன்."

எந்தப் பாட்டு என்று கேட்டேன். முனகிக் காட்டினாள். இசையமைப்பாளர் ஆயிரக்கணக்கில் போட்டு வைத்திருக்கிறார், என் பெண்ணுக்கு அதுதான் கிடைத்தது.

2

பாட்டைக் கேட்காதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கதாநாயகிக்குப் பிடிக்காத கல்யாணம். மெதுவான பாட்டு, வயலின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். இரண்டாவது சரணத்தில் அவள் கடைசியாக ஒரு வரி பாட வாயெடுப்பாள். முதல் சொல் வருவதற்குள் தவில் பாய்ந்துவிடும். நாலே நாலு நொடி கெட்டிமேளம். அது ஓயும்போது அவள் வரியும் முடிந்திருக்கும். அவள் சொன்னது என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காதலன் பெயரைச் சொன்னாள் என்று ஒரு கூட்டம், சாபம் விட்டாள் என்று ஒரு கூட்டம். இசையமைப்பாளரை இதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. சிரிப்பாராம், அவ்வளவுதான்.

ஒத்திகைக்கு என்னையும் வரச்சொன்னார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற ஆசிரியை அன்னிகா, பாட்டைக் காதால் கேட்டே முழுக்க எழுதி வைத்திருந்தாள். அந்த நாலு நொடி இருக்கும் இடத்தில் மட்டும் கேள்விக்குறி.

"இந்த இடத்தில் ஒலிப்பதிவு கெட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டாள்.

கெட்டிமேளத்தை ஸ்வீடிஷில் விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் பாடு. தாலி கட்டும் நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார், அதைக் கண்டதும் மேளகாரர்கள் வெளுத்து வாங்குவார்கள், ஒரு தும்மலோ அபசகுனமான பேச்சோ மணமக்கள் காதில் விழக் கூடாது என்று சொல்லவேண்டும். நான் சொன்ன ஸ்வீடிஷில், பேச்சைச் சத்தத்தில் மூழ்கடிப்பது போய், தாலி கட்டும்போது மணப்பெண்ணைத் தண்ணீரில் முக்கிவிடுவோம் என்று வந்துவிட்டது. முப்பது பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். யாழினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பேசும் ஸ்வீடிஷுக்கு அவள் வெட்கப்படுவதும், அவள் "தாத்தா எப்ப வரும்?" என்று பேசும் தமிழுக்கு நான் வெட்கப்படுவதும் எங்கள் வீட்டில் சமமாக நடந்துகொண்டிருக்கிறது.

எப்படியோ புரியவைத்தேன். அன்னிகா தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். "எல்லாம் நின்ற பிறகு ஒரு அடி கூடுதலாக இருக்கிறது. ரொம்ப மெல்லிசு. அதையும் எழுதவா, விட்டுவிடவா?"

கேட்டேன். நாலு நொடி புயல், பிறகு எல்லாம் நின்றது. நின்ற பிறகு, அடுத்த வயலின் ஆரம்பிப்பதற்கு முன்னால், தவிலின் இடது பக்கத்தில் கழியால் மெதுவாக ஒரே ஒரு தட்டு.

இன்னொரு தரம் போடச் சொன்னேன். அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அது என் அப்பாவுடையது.

3

என் அப்பா மேலநத்தம் தியாகேசன், தவில் வித்வான். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். வைகாசி, ஆவணியில் கல்யாணங்கள், மற்ற நாளில் குத்தகைக்கு எடுத்த ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். பக்கத்து வீட்டு மாரிமுத்து சித்தப்பா, அப்பாவின் தம்பி, நாகஸ்வரம். இந்த ஜோடி வாசிக்காத கல்யாண மண்டபம் மன்னார்குடியில் குறைவு.

கெட்டிமேளம் முடிந்ததும் அப்பா ஒரு தட்டு தட்டுவார். மற்ற மேளகாரர்கள், "தியாகேசனுக்குக் கணக்கு தெரியாது, ஒண்ணு சேத்துப் போடுவான்" என்று கேலி செய்வார்கள். சின்ன வயதில் நான் காரணம் கேட்டிருக்கிறேன்.

"மாப்பிள்ளை போடறது ஒரு முடிச்சுதாம்மா. மிச்சம் ரெண்டும் நாத்தனார் போடணும். அதுக்குள்ள எல்லாரும் மேளத்தை நிறுத்திட்டு வேட்டியச் சரி பண்ண ஆரம்பிச்சுடறான். ஜனமும் அட்சதையைப் போட்டுட்டுப் பந்திக்கு ஓடிடுது. மூணாவது முடிச்சு விழறதை யாரும் பாக்கறதில்ல. அதுக்கு ஒரு தட்டு."

இந்தத் தட்டு வேறு எவரிடமும் கிடையாது. அப்படியென்றால் அப்பா சினிமாப் பாட்டில் வாசித்திருக்கிறார். தமிழ்நாடே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அந்த நாலு நொடி என் அப்பாவுடையது. இத்தனை வருடம் அதை எங்களிடம் சொல்லவும் இல்லை, கேட்கவும் விடவில்லை. ஏன்?

அன்று சாயங்காலமே போன் போட்டேன். அம்மா இறந்த பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார், சாப்பாடு மட்டும் சித்தப்பா வீட்டில். நாற்று விட்டாயிற்றா, ஆற்றில் தண்ணீர் எப்போது என்று சுற்றி வளைத்துப் பேசினேன். இடையில் அவர் ஏதோ கேட்க, நான் மூச்சை இழுத்து "சுப்" என்றேன். இந்த ஊரில் "ஆமாம்" என்பதற்கு வாய் திறக்கவேண்டியதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தால் போதும். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆஸ்துமா என்று பரிதாபப்பட்டவள் நான். இப்போது எனக்கும் அதே பழக்கம்.

"ஏம்மா, மூச்சு வாங்குதா?" என்றார் அப்பா. ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"அதெல்லாம் இல்லப்பா. அப்பா, நீங்க மெட்ராஸ்ல சினிமாவுக்கு வாசிச்சிருக்கீங்களா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலப்பா. பாட்டுல உங்க தட்டு கேக்குது. மூணாவது முடிச்சு."

"அது நான் இல்ல. வேற ஆளு. வச்சுடறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று வைத்துவிட்டார். அப்பா மாடு விற்று ஆறு வருடமாகிறது.

4

விடுவேனா? மறுநாளே சித்தப்பாவைப் பிடித்தேன். "அண்ணன் என்னைக் கொன்னு போட்டுடுவார் பாப்பா" என்று ஆரம்பித்தவர், அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார்.

"தஞ்சாவூர்ல ஒரு கல்யாணத்துல நாங்க வாசிச்சதை மியூசிக் டைரக்டர் கேட்டிருக்காரு. ஒரு பாட்டுக்கு மெட்ராஸ் வாங்கன்னு ஆளனுப்பிட்டாரு. போனோம். அங்க போனா தவில் சத்தத்துக்கு எல்லா மைக்கும் அலறுது. என்னை உள்ள உக்கார வச்சுட்டு, உங்கப்பாவை மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியில வராந்தால உக்கார வச்சு, அங்க தனியா ஒரு மைக் வச்சாங்க. காதுல ஹெட்போனு. அதை மாட்டினா தன் தவில் தனக்கே கேக்கலன்னு இவரு கழட்டிப் போட்டுட்டாரு. பாட்டும் காதுல விழல. ஆர்கெஸ்ட்ராவை நடத்தறாரு பாரு, அவரு கை மட்டும்தான் கண்ணாடி வழியாத் தெரியும்."

"சரி."

"ரெண்டாவது சரணம் ஓடுது. அந்த நடத்தறவரு வயலின்காரங்க பக்கம் திரும்பி விரலை ஆட்டினாரு. மெதுவா, மெதுவான்னு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்திருக்கற மனுஷனுக்கு அது தெரியுமா? கல்யாண வீட்டுல விரலை ஆட்டினா நாங்க என்ன பண்ணுவோம்?"

"கெட்டிமேளம்" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது.

"அதேதான். பின்னிட்டாரு. அந்தப் பாடற அம்மா ஏதோ பாடிச்சு, ஒண்ணும் கேக்கல. முடிச்சுட்டு வழக்கம்போல ஒரு தட்டும் போட்டாரு. பாட்டு முடிஞ்சதும் ஒரு அசிஸ்டென்ட் வெளியில ஓடி வந்து, 'யோவ், உன்னை யாருய்யா வாசிக்கச் சொன்னது'ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டான். மியூசிக் டைரக்டர் கண்ணாடிக்குப் பின்னால தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. உங்கப்பா தவிலை உறையில போட்டுட்டு எழுந்துட்டாரு. கொட்டற மழை. எழும்பூர் வரைக்கும் நடந்தே வந்தோம். 'அது நமக்கு ஆட்டின விரல் இல்லடா, நமக்கு ஆட்டின விரல் இல்ல'ன்னு வழியெல்லாம் அதே பேச்சு. எனக்கும் சேத்து சினிமா வாசலை அடைச்சுட்டோம்னு அவருக்கு மனசுல ஒரு உறுத்தல். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடல."

"ஆனா பாட்டுல அது இருக்கே சித்தப்பா?"

"இருக்கு. நானும் சொல்லிப் பாத்தேன். 'என் தப்பைப் பாத்து, அதையே மெட்ராஸ்ல ஒரு நல்ல வித்வானா வச்சு ஒழுங்கா எடுத்துட்டாங்க'ங்கறாரு. டீக்கடை ரேடியோல கேட்டா யார் கைன்னு எப்படிச் சொல்றது? வீட்டுல போடவும் விடமாட்டாரு. இப்ப நீ சொல்றியே, கடைசித் தட்டு, அது எனக்கே தெரியாது."

எனக்கு அழுகையாக வந்தது. தான் உளறியதை வேறொருவன் திருத்தி வாசித்து ஊரே கொண்டாடுகிறது என்று ஒரு மனுஷன் இத்தனை காலம் கொல்லைப்புறத்தில் போய் நின்றிருக்கிறார். அது அவருடைய கைதான் என்று அவரை நம்பவைக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவருக்கு எழுபத்தாறு வயது. நேரம் இருக்கும்போதே செய்யவேண்டும்.

5

முதலில் கச்சேரிக்கே அவரை இங்கே வரவழைப்பது என்று கிளம்பினேன். நான் விசாவுக்கான அழைப்புப் படிவம் நிரப்ப, வீட்டுக்காரர் சம்பளச் சான்றிதழ் எடுக்க, வங்கிக் கணக்கு, வீட்டின் பரப்பளவு, அப்பாவுக்கும் எனக்கும் உள்ள உறவுக்கு ஆதாரம் என்று அது அனுமார் வால் மாதிரி நீண்டது. "வேலை" என்ற கட்டத்தில் தவில் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் முதலாளியிடமிருந்து விடுப்புக் கடிதம் கேட்டார்கள். என் அப்பாவுக்கு முதலாளி யார்? மாரியம்மனிடமா கடிதம் வாங்குவது? அடித்துவிட்டு விவசாயம் என்று எழுதினேன். அதற்குக் குத்தகைப் பத்திரமும் சிட்டா அடங்கலும் கேட்டார்கள். குத்தகை வாய்ப்பேச்சு, நிலமோ வேறொருவர் பட்டா.

அதையும் ஒருவழியாகச் சமாளித்து, சித்தப்பா துணையோடு சென்னை விசா அலுவலகத்துக்கு அனுப்பினேன். மகளைப் பார்க்க என்று மட்டும் சொல்லியிருந்தேன். அங்கே விரல் ரேகை விழவில்லை. அறுபது வருடம் நுனியில் கெட்டியான கூடு மாட்டித் தவில் வாசித்த வலது கை விரல்கள், தோலெல்லாம் காய்ப்பு. மிஷின் நாலு தடவை முயற்சி செய்தது. இன்னொரு நாள் வரச்சொன்னார்கள்.

"ரேஷன் கடையிலயும் இதே கதைதாம்மா" என்றார் போனில். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. "அக்டோபர்ல சம்பா நடவு வேற. நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க வா."

யாழினி அந்தக் கோடையில் தோழிகளோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவதாக இருந்தாள். நான்கு வருடமாக ஊருக்கு வர மறுத்துக்கொண்டிருந்த பெண். கொசு, வெயில், எல்லாரும் அவள் எடையைப் பற்றிப் பேசுவார்கள் என்று பட்டியல் வைத்திருப்பாள். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே டிக்கெட் எந்தத் தேதி என்றாள். லேப்டாப்பில் அவள் ஏதோ செய்துகொண்டிருந்தாள். "கேஸை முடிச்சுட்டு வரலாம்மா" என்றாள், போலீஸ்காரி போல.

6

ஜூலையில் போனோம். பாமணி ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலுக்குப் பிரிந்திருந்தது. எங்கும் குறுவை நடவு. மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு வாய்க்கால் மதகுக்குக் கிளம்பிய அப்பாவின் பின்னாலேயே நாங்களும் போனோம். மடையை வெட்டிவிட்டு மதகுக் கட்டையில் அவர் உட்கார்ந்ததும் யாழினி லேப்டாப்பைத் திறந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"அந்தப் பாட்டா? வேணாம்."

"பாட்டு இல்ல தாத்தா" என்றாள் யாழினி. "பாட்டெல்லாம் எடுத்துட்டேன். வயலின் எடுத்துட்டேன், பாடுறவங்களை எடுத்துட்டேன். தவில் மட்டும்தான் இருக்கு."

"அதெப்படி எடுப்ப? சாம்பார்ல போட்ட உப்ப எடுக்க முடியுமா?"

"இப்ப முடியும் தாத்தா."

அப்பா நம்பவில்லை, ஆனால் அவருக்கு ஆசை வந்துவிட்டதை நான் கவனித்தேன். தன் தப்பைத் திருத்தி வாசித்ததாகத் தான் நம்பும் அந்த வித்வானை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"சரி, குடு. எந்தப் பய வாசிச்சான்னுதான் பாப்போமே" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எங்களுக்கு வாய்க்கால் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாலு நொடி. கழற்றினார்.

"கை வேகம் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா வலந்தலைத் தோலு இறங்கிப் போயிருக்கு. பாரு, சத்தம் பொத்துப் பொத்துங்குது. வாரை இழுத்துப் புடிக்காம வந்து உக்காந்துட்டான். மெட்ராஸ்காரன் சோம்பேறி. இவனையா கூப்பிட்டாங்க?"

யாழினி என் கையைக் கிள்ளினாள்.

"இன்னொரு தரம் போடு."

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை மண்வெட்டிப் பிடியின் மேல் இருந்தது. நாலு நொடி கழிந்தது. அந்தக் கை எழுந்து, பிடியின் மேல் மெதுவாக ஒரு தட்டு தட்டியது.

ஹெட்போனைக் கழற்றவில்லை.

"அன்னிக்குக் காலைலேர்ந்து மழை" என்றார் கடைசியில். "தோலெல்லாம் ஈரம். வாரை இழுத்துக்கறேன்னு சொன்னேன். நேரமில்ல, நேரமில்ல, உக்காருங்கன்னுட்டாங்க."

"அப்பா."

"இது என் தவிலும்மா."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. நானும் அழுதேன். யாழினிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாய்க்காலைப் பார்த்தாள்.

"படம் வர்றதுக்கு முன்னாடி ரைஸ் மில்லுக்கு மூணு தடவை போன் வந்துது, ஊர்ல அப்ப அங்க மட்டும்தான் போனு" என்றார். "மெட்ராஸ்லேர்ந்து, அவரே பேசணுங்கறாருன்னு மில்லுக்காரர் ஆளனுப்பினாரு. திட்டறதுக்குத்தான் கூப்பிடறாங்கன்னு நான் போகல. அவரு தேடியிருக்காரு பாரு. நான் ஒரு மடையன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இசையமைப்பாளர் முன்னால் நிறுத்தியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. நூறு பேர் வாசிக்கிற இடத்தில் ஒருவன் தப்பு செய்கிறான், கூட இருப்பவன் கத்துகிறான், அவர் மட்டும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று சித்தப்பா சொன்னாரே, அந்தக் குனிந்த தலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் போட்ட மெட்டுகளை ஊர் சொல்லும். அந்த நாலு நொடியில் அவர் செய்தது, கேட்டதும், விட்டுவைத்ததும்தான். என் வீட்டுக்காரருக்கு அவர் கடவுள். எனக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது.

"தாத்தா, இன்னொண்ணு" என்றாள் யாழினி. "பாடுறவங்களைத் தனியா எடுத்தேன் இல்ல? அவங்க என்ன பாடினாங்கன்னு இப்ப கேக்கலாம். நான் இன்னும் கேக்கல. கேப்போமா?"

தமிழ்நாடே தலையைப் பிய்த்துக்கொண்ட வரி. எனக்குக் கை பரபரத்தது.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "வேணாம்."

"ஏன் தாத்தா?"

"கேக்கக் கூடாதுன்னுதானே மேளம்? அடிச்சாச்சுன்னா அடிச்சாச்சு. அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருந்தாலும் அது அவ பாடு. அழிச்சுடு."

யாழினி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அழித்துவிட்டாள். இந்த விஷயம் தெரிந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மன்னிக்கவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

"இப்ப முழுப் பாட்டையும் போடு" என்றார் அப்பா. மதகில் உட்கார்ந்து முதல் தடவையாக அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு, வயலில் தண்ணீர் ஏறிவிட்டதென்று மடையை அடைக்கப் போனார்.

7

அக்டோபரில் கச்சேரி. மத்தியானம் மூன்று மணி, ஊரில் ஆறரை. மேலநத்தத்தில் சித்தப்பா தன் போனைச் செம்பில் சாய்த்துவைத்திருந்தார். இரண்டு பேரும் வெள்ளை வேட்டி, அப்பா நெற்றி நிறைய விபூதி. "காலைலேர்ந்து அதே பாட்டு பாப்பா, மூணு மாசமா இதே தொல்லை. எனக்குக் காது புளிச்சுப்போச்சு" என்று சித்தப்பா முறையிட்டார்.

வாசலில் கொடுத்த நிகழ்ச்சி நிரலை முதலில் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே, மூலப் பதிவில் தவில்: மேலநத்தம் கோ. தியாகேசன். யாழினிதான் அன்னிகாவிடம் சொல்லிப் போடவைத்தாள். ஸ்வீடிஷ் எழுத்தில் மேலநத்தத்துக்கு மேலே தேவையில்லாமல் இரண்டு புள்ளி விழுந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. தவில் இல்லாததால் அந்த நாலு நொடிக்கு முப்பது பேரும் சேர்ந்து அதம் பண்ணுவது என்று ஏற்பாடு. அரங்கின் முதல் வரிசையில் நான் போனை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்வீடன்காரர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது சரணம். வயலின்கள் ஏறின. இங்கிருந்து சத்தம் ஊருக்குப் போய்ச் சேர ஒரு நொடி தாமதமாகும். இருந்தும், மேடையில் எதுவும் நடப்பதற்கு முன்பே, போனில் அப்பாவின் ஆள்காட்டி விரல் எழுந்தது. அடுத்த கணம் மேடையில் அன்னிகா திரும்பி, பிள்ளைகளுக்கு நேராகக் கையை உயர்த்தி விரலை ஆட்டினாள்.

முப்பது பிள்ளைகளும் வெளுத்து வாங்கினார்கள். எனக்குப் பின்னால் யாரோ துள்ளி விழுந்தார்கள். நாலு நொடி. நின்றது. கைதட்டப் பார்த்த கூட்டத்தை அன்னிகா உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த அமைதியில் யாழினி, ஒருவரையும் பார்க்காமல், பெரிய டிரம்மில் மெதுவாக ஒரு தட்டு தட்டினாள்.

பிறகுதான் வயலின்.

எல்லாம் முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, நான் நடைபாதைக்கு வந்து போனைக் காதில் வைத்தேன். புள்ளை நன்றாக வாசித்தாள் என்று அப்பா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"ஏம்மா, அந்தம்மா விரலை ஆட்டினாங்களே. அது நமக்கு ஆட்டினதுதானே?"

மூச்சை இழுத்து "சுப்" என்றேன்.

மூச்சு வாங்குதா என்று அவர் கேட்கவில்லை. "சரி" என்றார்.